மலைக்குப் போன முறுக்கு

பாண்டி பஜார் நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய நீலத் தோள்பை அது. எத்தனை முறை துவைத்தும் அதிலிருந்து எண்ணெய் வாடை போகவே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு மலையேற்றத்துக்குக் கிளம்பினார்கள். அதுவரை நான் ஏறியது பரங்கிமலை மட்டும்தான். ஒரு பெரிய மலையின் உச்சியில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் ஒரு வாரம் அப்பாவிடம் மல்லுக்கட்டினேன். டைப்பிஸ்ட் அக்காவும் வருகிறார் என்ற பிறகே அவர் தலையாட்டினார்.

என்னென்ன எடுத்துப்போவது என்று மேனேஜர் தம் அறையில் ஒரு கூட்டமே போட்டார். ஆண்கள் பொறுப்பில் சீட்டுக்கட்டும் கேமராவும். "லேடீஸ் ரெண்டு பேரும் நொறுக்குத் தீனியப் பாத்துக்குங்க" என்றார், ஏதோ பதவி உயர்வு கொடுப்பதுபோல. சுமக்க லேசாக இருக்கட்டுமே என்று, கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும் சார் என்றேன். "இன்னாம்மா, மலைக்குப் போறோமா, ஆஸ்பத்திரில பேஷன்ட்டப் பாக்கப் போறோமா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. கைமுறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா என்று அடுக்கினார். கடையில் வாங்கியது கூடாதாம், வீட்டில் சுட்டதாக இருக்க வேண்டுமாம். சுடுவதும் நாங்கள், சுமப்பதும் நாங்கள், தின்பதற்கு மட்டும் எல்லோருமா? இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடிவாரத்தில் ஓர் ஓடை இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பையோட இங்கயே உக்காருங்க. நாங்க மேல போய்ட்டு வந்துடறோம். எறங்கி வரச்சொல்ல பசிக்கும்ல?"

மாவு பிசைந்து கை வீங்கியதுகூடப் போகட்டும். முறுக்குக்குக் காவல் இருக்கவா அப்பாவிடம் அத்தனை சண்டை போட்டேன்? அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் பையை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "கொரங்கு துன்னா துன்னட்டும், நட" என்றார்.

பாதி வழியில் மேனேஜர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பை எங்கம்மா?" கீழே இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறினோம். அவர் பதறிக்கொண்டு கீழே ஓடினார். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அக்கா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் கலங்கியது.

குரங்குகள் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. வேனில் ஊர் திரும்பும்வரை எங்களிடம் யாரும் பேசவில்லை. குடுத்தது ஒரே வேலை, அதுலயும் பொறுப்பு இல்ல என்று மேனேஜர் மட்டும் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தபடி வந்தார்.

போன மாதம் மயிலாப்பூர் மாடவீதியில் அவரைப் பார்த்தேன். நன்றாக வயதாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவியிடம், "சொல்வேன்ல, முறுக்கெல்லாம் கொரங்குக்குப் போட்ட பொண்ணுன்னு? இவங்கதான்" என்று உற்சாகமாக அறிமுகம் செய்தார்.

"நான் அன்னிக்கு உச்சி வரைக்கும் ஏறினேன் சார்" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எந்த உச்சிம்மா?"