பத்தாயத்தில் பதினைந்து வருஷம்

எனக்கு விஸ்கியின் ருசி தெரியாது. என் அப்பா குடித்ததே எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறைக்குப் போதும் என்று சின்ன வயதிலேயே முடிவுசெய்துவிட்டேன். ஆனால் வளைகுடா விமான நிலையம் ஒன்றின் வரியில்லாக் கடையில் பல வருஷம் விஸ்கிதான் விற்றேன். குடிக்காதவனை அந்த அலமாரி முன்னால் நிறுத்தினால் சரக்கு குறையாது என்பது மேலாளரின் கணக்கு.

அங்கே எனக்குப் பிடித்துப்போனது ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்றின் வரிசை. பல தலைமுறையாக ஒரே ஆற்றங்கரையில், அதே கல் கட்டடத்தில் காய்ச்சுகிறவர்கள். அவ்வப்போது அவர்களுடைய ஆள் வந்து எங்களுக்குப் பாடம் எடுப்பார். மற்றவர்கள் ருசி பார்ப்பார்கள். நான் முகர்ந்து மட்டும் பார்ப்பேன். பன்னிரண்டு வருஷத்துச் சரக்கில் தேன் வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் வரும். பதினெட்டு வருஷத்தது, முன்பு ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்தது; அதில் உலர்ந்த திராட்சையும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோலும். கடலோரக் கிடங்கில் வைத்து எடுத்த ஒன்றை மூக்கருகே கொண்டுபோனால், நாகப்பட்டினத்துப் படகுத்துறையில் யாரோ பழைய கயிற்றைக் கொளுத்துவது போலிருக்கும். அதற்கென்றே தேடி வருகிறவர்கள் உண்டு. நாற்பது வருஷத்துப் புட்டி ஒன்று கண்ணாடிக் கூண்டில் பூட்டியிருந்தது. வாங்க வந்தவர்களைவிட அதைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்தான் அதிகம்.

காய்ச்சி இறக்கும்போது எல்லாமே தண்ணீர் நிறம்தான், நிறமும் மணத்தில் பெரும்பகுதியும் மரத்திலிருந்து வருகின்றன என்று அந்த ஆள் சொன்ன நாள் நினைவிருக்கிறது. அதன் பிறகு எந்தப் புட்டியை எடுத்தாலும், இது எந்த மரத்துக்குள் கிடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

ஒரு விடுமுறையில் பள்ளித்தோழன் கேட்டானென்று அந்தப் பதினெட்டு வருஷத்துப் புட்டியில் ஒன்று வாங்கிவந்தேன். அவனுக்குக் கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகும் வழியில் ரைஸ் மில். கம்பெனியின் படப்புத்தகத்தையும் காட்டினேன். பார்லியை ஊறவைக்கிறார்கள், தரையில் பரப்பி முளைகட்ட விடுகிறார்கள், மரப்பலகையால் புரட்டிப் போடுகிறார்கள். அவன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தான். "டேய், இது நம்ம களம்டா" என்றான். புட்டியை அந்த மாதமே காலிசெய்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊருக்கே திரும்பி வந்துவிட்ட பிறகு, இந்த வருஷம் அறுவடை முடிந்த சமயத்தில் அவன் போன் செய்தான். மகளுக்குத் திருவாரூரில் இடம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், விஸ்கியில் விஷயம் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மட்டும் மில்லைப் பார்க்க வருகிறார், நீயும் வந்துவிடு என்றான்.

"அந்தப் புட்டிய எடுக்கப்போறேன். நீ குடுக்கும்போது பதினெட்டு. நம்மகிட்ட பதினைஞ்சு. முப்பத்துமூணு ஆச்சுல்ல? சம்பந்திகிட்ட சொல்லிட்டேன்."

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி, மறுநாள் காலை பஸ் பிடித்தேன்.

மில்லுக்குப் பின்னால் அவனுடைய பழைய வீடு இருக்கிறது. அங்கே ஆளுயரப் பத்தாயம் ஒன்றில் விதைநெல் போட்டு வைப்பான். நெல்லுக்குள் கைவிட்டுத் துழாவிப் புட்டியை வெளியே எடுத்தான். உடையக்கூடாது என்று படுக்கவைத்திருந்தான். துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. முத்திரை மட்டும் அப்படியே இருந்தது.

புட்டியில் ஊற்றிய அன்றைக்கே கம்பெனிக்காரன் வயதை எண்ணுவதை நிறுத்திவிடுகிறான் என்று சொன்னேன். மரத்துக்குள் இருக்கும்வரைதான் கணக்கு. கண்ணாடிக்குள் போனபின் எத்தனை வருஷம் இருந்தாலும் அதே பதினெட்டு.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் தொழிலே அதற்கு எதிராக இருந்தது. புது அரிசி குழைந்துவிடும், பழைய அரிசி உதிரி உதிரியாக நிற்கும். நெல்லை இருப்பு வைத்து, பழையது என்று சொல்லி விற்றே மூன்று தலைமுறை பிழைத்த குடும்பம். மூட்டைக்குள் சும்மா கிடக்கும் நெல்லே மாறும்போது, பார்லியிலிருந்து வந்தது மாறாதா என்று கேட்டான். நெல்லுக்குக் காற்றுப் படுகிறது, இதற்குப் படவில்லை என்றேன்.

"அப்ப பதினைஞ்சு வருஷம் எங்கடா போச்சு?"

குறைந்த இரண்டு விரற்கடை எங்கே போனது என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. படுக்கவைத்ததில் தக்கை ஊறி நொய்ந்திருக்கும், அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகியிருக்கும். பீப்பாயிலும் வருஷா வருஷம் இப்படிக் குறையும், அதை அவர்கள் தேவதைகளின் பங்கு என்பார்கள் என்றும் சொன்னேன்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சுதந்திரம்னு சொல்லு."

அறுவடைக் களத்தில், நெல் வீட்டுக்குப் போகுமுன் ஊர்வேலைக்காரர்களுக்கு அளந்துவிடும் பங்குக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அத்தனை வருஷம் அந்த அலமாரி முன்னால் நின்றும் எனக்கு அந்தச் சொல் தோன்றவே இல்லை.

"அவன் தேவதைக்கு அளந்தான், நான் பத்தாயத்துக்கு அளந்திருக்கேன்" என்றவன், சிரிப்பு அடங்கியதும் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பத்துமூன்று என்று அவன் போனில் சம்பந்தியிடம் சொன்னபோது அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது அப்படியில்லை என்றால், பெண்ணைப் பற்றிச் சொன்னதிலும் எவ்வளவு நிஜம் என்று நினைக்கமாட்டார்களா? சொல்லாமலே ஊற்றிவிட்டால் சம்பந்திக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டான். தெரிந்தாலும் தெரியலாம், நான் குடித்துப் பார்த்ததில்லையே என்றேன்.

"இத்தன வருஷம் வித்து என்னத்தடா கத்துக்கிட்ட நீ."

என்ன செய்யப்போகிறான் என்று நான் கிளம்பும்வரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். அதிகம் பேசாதவர். நெல் அவியும் இடம், களம், கிடங்கு என்று மில் முழுவதையும் நிதானமாகச் சுற்றினார். ஓரிடத்தில் நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். பிறகு மாடி ஆபீஸ் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். புட்டி மேசைமேல் இருந்தது. அவர் லேபிளைப் படித்தார். புட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். நண்பன் என் பக்கம் திரும்பவே இல்லை.

முத்திரையைக் கிழித்துத் தக்கையைத் திருகினான். பாதி கையோடு வந்தது. மீதி உதிர்ந்து உள்ளே விழுந்தது.

"படுக்க வெச்சிருந்தீங்களா?" என்றார் சம்பந்தி.

ஆமாம் என்றவன் பாதித் தக்கையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "தக்க கெடக்கட்டுங்க. ஒரு விஷயம் சொல்லணும். இது முப்பத்துமூணு இல்ல, பதினெட்டுதான். நெல்லு மாதிரின்னு நெனச்சு பத்தாயத்துல போட்டு வெச்சிருந்தேன். வெக்க வெக்க வயசு ஏறும்னு நெனச்சேங்க. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

சம்பந்தி புட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியுங்க. போன்லயே சொல்லிருப்பேன். மொத பேச்சுலயே திருத்துனா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன். இங்க டீ வடிகட்டி இருக்குமா?"

ஆபீஸ் டீ வடிகட்டியில் வடித்து, இரண்டு டம்ளரில் கொஞ்சமாக ஊற்றினார்கள். அவர் ஒரு வாய் எடுத்து வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். தக்கை கெடுத்தது போக மீதி நன்றாகவே இருக்கிறது என்றார். நண்பன் அதற்குள் தன்னுடையதைக் குடித்து முடித்திருந்தான். அவனுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டேன். எரிகிறது என்றான். என்னிடம் நீட்டிய காலி டம்ளரை முகர்ந்து பார்த்தேன். உலர்ந்த திராட்சை இருந்தது. ஆரஞ்சுத் தோல் இல்லை. அது இருந்த இடத்தில் ஈரக் கோணியின் வாசனை. அது தக்கையிலிருந்து வந்ததா, பத்தாயத்திலிருந்து வந்ததா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

அதன் பிறகு சம்பந்திதான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நெல் எத்தனை மாதத்தில் பழையதாகிறது, எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள், ஈரம் போனால் மட்டும் போதுமா என்று. நண்பன் ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானித்துத்தான் பதில் சொன்னான். உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான்.

இருட்டுவதற்குள் அவர் கிளம்பினார். கார் ரோட்டில் ஏறுகிறவரை வாசலில் நின்றிருந்தவன் என் தோளில் கைபோட்டான்.

"நானா சொல்லலேன்னா அவரு கடைசிவரைக்கும் சொல்லிருக்கவே மாட்டாருடா. பேரன் கல்யாணத்துலயும் நான் முப்பத்துமூணுன்னே சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன். அவரும் தலைய ஆட்டிட்டு உக்காந்திருப்பாரு."