சூடம் அணைத்த அறை

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது மதுரையிலிருந்து ஒரு நாடகக் குழு வந்தது. இரண்டு பெண்கள், ஓர் இளைஞர், ஒரு பறை. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களைப் பற்றிய நாடகம் என்றார்கள். மேலிடத்துக் கடிதம் இருந்ததால் மறுக்க முடியவில்லை.

பிரேயர் நடக்கும் மைதானத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாடகத்தில் ஒரு மாமா, அக்கா மகளுக்கு மிட்டாய் கொடுத்து நெருங்கி உட்காருகிறார். அந்த இடத்தில் பறை நின்றது. நடித்த பெண் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டாள்: "இப்ப இவ என்ன செய்யணும்?"

"ஓடணும்க்கா!"

"கையைக் கடிச்சு வைக்கணும்!"

"மிட்டாயை வாங்கிட்டு ஓடணும்!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, ஓடியாச்சு. யாருகிட்டச் சொல்றது?"

"பெரிய சாருகிட்ட!"

உடனே என்னை வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும், பிள்ளை சொல்வதைக் கேட்கும் வேடத்துக்கு அங்கேயே உள்ள ஒரு பெரியவரை நிறுத்துவார்களாம். சொல்லவேண்டியதைக் காதோடு சொல்லிக்கொடுத்தார்கள். நான் கணீரென்று சொன்னேன்: "நீ சொல்றதை நான் நம்புறேன். உன் மேல தப்பே இல்ல. இனி நான் பார்த்துக்கிறேன்." பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் மதியம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். கன்னிவாடிப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருப்பவரின் மகள். அதிகம் பேசாதவள்.

"சார், சயின்ஸ் சார் நோட்டுத் திருத்தணும்னு சாயங்காலம் இருக்கச் சொல்றாரு. அந்த நாடகத்துல வந்த மாமா மாதிரி செய்றாரு சார்."

"எத்தனை நாளா பாப்பா?"

"ஆயுதபூஜை லீவுக்கு முன்னாடியிருந்து."

உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் பார்த்துக்கிறேன், கிளாசுக்குப் போ" என்றேன்.

இப்படி ஒன்று காதில் விழுந்தால் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சுற்றறிக்கையை மற்ற ஆசிரியர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவனே நான்தான். ஆனால் நான் முதலில் கூப்பிட்டது சயின்ஸ் ஆசிரியரை. பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். என் மனைவிக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர்.

அவர் அழுதார். "என்னண்ணே, நானா? எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குண்ணே. அவ அப்பனை வரச் சொல்லுங்க. சூடத்தை ஏத்துங்க, அணைச்சுச் சத்தியம் பண்றேன்."

எங்கள் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும் வரப்புத் தகராறு வந்தாலும், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். இயற்பியல் படித்த நான் இதற்குச் சம்மதித்தேன். விஷயம் வெளியே போகாமல் ஏழு மாதம் ஓடினால் போதும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை பூஜைக்கென்று என் அறையில் இருந்த சூடத்தை, சரஸ்வதி படத்துக்கு முன்னால் நானே ஏற்றினேன். அவளும் அவள் அப்பாவும் உள்ளே இருக்க, கதவைச் சாத்தியிருந்தோம். "எம் புள்ள பொய் சொல்லாது சார்" என்றார் அவள் அப்பா. சயின்ஸ் ஆசிரியர் ஒரே அடியில் அணைத்துச் சத்தியம் செய்தார்.

அதோடாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு சூடத்தை ஏற்றி, "நீயும் அணைச்சுச் சொல்லு பாப்பா" என்றேன்.

அவள் கையை மெதுவாகக் கொண்டுபோனாள். சூடு பட்டதும் இழுத்துக்கொண்டாள். மறுபடி கொண்டுபோனாள், மறுபடி இழுத்துக்கொண்டாள். சட்டென்று அடித்தால் சுடாது, தயங்கினால் சுடும். இதை அந்த ஆசிரியர் தன் வகுப்பில் செய்துகாட்டி நானே பார்த்திருக்கிறேன்.

"பாத்தீங்கள்ல?" என்றார் அவர், அப்பாவைப் பார்த்து.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார்."

நான் அவள் அப்பாவிடம்தான் பேசினேன். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வெளிய தெரிஞ்சா புள்ள பேருதான் கெடும்."

அடுத்த வாரமே அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். கொடைரோட்டில் அத்தை வீட்டிலிருந்து அவள் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். என் பணிநிறைவு விழாவில் எனக்கு முதல் மாலையைப் போட்டவர் சயின்ஸ் ஆசிரியர்.

மூன்று வருடம் கழித்து வேறொரு பிள்ளையின் தாய், பள்ளிக்கூடத்துப் பக்கமே வராமல் நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். சயின்ஸ் ஆசிரியரைக் கைது செய்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"இதுக்கு முன்னாடி எந்தப் புள்ளையாச்சும் உங்ககிட்டச் சொல்லுச்சா சார்?"

"இல்லம்மா" என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி அந்தப் பூந்தோட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவர்கள் போலீசிடம் எதுவும் சொல்லிவிடுவார்களா என்று தெரிந்துகொள்ளவும்தான் போனேன்.

அப்பா சம்மங்கி பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், "வாங்க" என்று சொல்லவில்லை. லீவுக்கு வந்திருந்த அவள் பூவைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள்.

"பாப்பா, அன்னைக்கு உன்னை நம்பாமப் போயிட்டேன். மன்னிச்சிரும்மா."

"நம்புனீங்க சார்" என்றாள். "நான் சொல்லும்போதே உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நம்புனீங்க. அப்புறந்தான் அவரைக் கூப்புட்டீங்க."

அது உண்மை. வாசலில் நின்று அவள் சொன்ன அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அதை என்னிடமே நான் ஒப்புக்கொண்டதில்லை.

"பதினொன்னரைக்கு பஸ் இருக்கு சார்" என்றார் அப்பா, குனிந்தபடியே.

திண்டுக்கல்லில் இறங்கி நேரே காவல் நிலையத்துக்குப் போனேன். நேற்றுச் சொன்னது பொய் என்றேன்.

"தெரிஞ்சும் மறைச்சதுக்கு உங்க மேலயும் கேஸ் வரும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும்மா." ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்திட்டேன்.

வழக்கு நடக்கிறது. பெண் போலீசார் சீருடை இல்லாமல் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவள் சொன்னால் வழக்குக்குப் பலம். ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு முறையும் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாளாம். "ஒரு தடவ சொல்லியாச்சுக்கா" என்றாளாம்.