புவாஹோமின் மூங்கில் கழி

காலையில் ஆற்றங்கரைக்குப் போனதும் நீர் விளிம்பில் ஒரு மூங்கில் கழியைக் குத்திவைப்பது புவாஹோமின் பழக்கம். மழைக்காலம் முடிந்தால் மேகோங் ஆறு இறங்கத் தொடங்கும். கழிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரமணல் விரியும். அதில் ஒரு பாத்தி கடலை போடுவாள். அது முளைவிடுவதற்குள் ஆறு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கழியைப் பிடுங்கிக் கீழே நட்டு அடுத்த பாத்தியைப் போடுவாள். ஹாட்தோங் ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

மேலே அணை வந்த பிறகு, மேகமே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறியது. நினைத்தால் திறந்தார்கள், நினைத்தால் மூடினார்கள். இரண்டு கோடையாக விளைச்சல் இல்லை. விதைக்கடலை ஒரு கூடைதான் மிச்சம். அதுவும் போனால் அடுத்த வருஷம் போட ஒன்றுமில்லை.

பக்கத்துப் பாத்திக்காரி சீகேவ் போனை நீட்டினாள்.

"பாருக்கா, இந்த வாரம் பூரா தண்ணி குறையுமாம். அணை ஆபீசுலயே சொல்லிட்டான். இன்னும் அந்தக் கழியவே மொறைச்சிக்கிட்டு நிக்கிற? அது என்ன உம் புருஷனா?"

"புருஷன்னா ஒரு பொய்யாவது சொல்லுவான். இது சொல்லாது."

சொன்னாளே தவிர, மனசு போன் பக்கம்தான் சாய்ந்தது. ஆறும் மளமளவென்று இறங்கியது. முதல் பாத்தி முளைவிடக் காத்திருக்காமல், ஈரம் காய்வதற்குள் என்று மொத்தக் கூடையையும் அன்றே விதைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கழியையே காணோம். மேல் பாத்தியும் முழங்காலளவு தண்ணீருக்குள் கிடந்தது. அவள் அதில் இறங்கி நிற்கும்போதுதான் சீகேவின் போன் கூவியது.

"என்னவாம்?"

"தண்ணி ஏறுமாம்க்கா. கரையோரம் போகக் கூடாதாம்."

அடுத்த வாரம் கோயில் மண்டபத்துக்கு அணை அதிகாரி வந்தார்.

"செய்தி அனுப்பினோமேம்மா?"

"அனுப்புனீங்க தம்பி. வெதை முங்குன பெறகு அனுப்புனீங்க."

"நஷ்டஈடு தரலாம். நிலத்துக்குப் பட்டா இருக்கா?"

"வருஷத்துல பாதி நாளு ஆத்துக்குள்ள கெடக்குற மணலுக்கு எவன்யா பட்டா குடுப்பான்?"

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். புவாஹோமுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. வேடிக்கைக்கா கேட்டாள்? எழுந்து வெளியே போய்விட்டாள். பட்டா இல்லாததால் பணமும் வரவில்லை.

இப்போது பப்பாளிக்காயைச் சீவி இடித்துச் செய்யும் பச்சடிக்குப் போடும் கடலையையும் அவள் சந்தையில்தான் வாங்குகிறாள். செய்தி இன்னும் வருகிறது, சில நாள் தண்ணீருக்கு முன்னால், சில நாள் பின்னால். புதுக் கழி ஒன்றைக் காலையில் குத்திவைக்கிறாள். மணலில் இந்த வருஷம் எதுவும் விதைக்கவில்லை.