கோர்தோபாவுக்கு எழுதிய டிரிப் ஷீட்

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இருபத்திரண்டு வருடமாக நாகர்கோவிலில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். கன்னியாகுமரியில் சூரியன் எழும்புவதைக் காட்டி, சுசீந்திரம், வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் என்று சுற்றி, சாயங்காலம் மறுபடி கடற்கரையில் கொண்டு விடுவது என் வேலை. பத்மநாபபுரம் அரண்மனை வாசலுக்கு எத்தனையோ நூறு தடவை போயிருக்கிறேன். உள்ளே போனது இல்லை. ஆட்கள் உள்ளே போனதும் டிரைவர் கண்ணாடியைத் துடைப்பான், சாயா குடிப்பான், சீட்டைச் சாய்த்துப் படுப்பான். அதுதான் வழக்கம்.

என் மகள் ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். எனக்கும் அவள் அம்மாவுக்கும் விசா கிடைத்த அன்று வீடியோவில் கூப்பிட்டாள். சனி, ஞாயிறு, திங்கள் அவளுக்கு லீவு. ஸ்பெயினில் கோர்தோபா என்ற பழைய ஊருக்குப் போகலாம் என்றாள்.

"அப்பா, அங்க ராஜா இருந்த கோட்டை ஒண்ணு இருக்கு. இந்தத் தடவ நீங்க வெளிய நிக்கப்பிடாது. உள்ள வரணும், கேட்டியளா?"

"பாப்போம் மக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஒரு டிரிப் ஷீட்டை எடுத்தேன். வேன் கிளம்பும்போது போகும் இடங்களையெல்லாம் எழுதும் தாள் அது. மகள் அனுப்பிய படங்களைப் பார்த்து ஒரு நாளைக்கு ஒன்பது இடம் வீதம் எழுதினேன். முதல் வரி: காலை ஐந்து மணி, கடற்கரை, சூரிய உதயம். சாயங்காலம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "எப்பா, அந்த ஊர்ல கடலே கிடையாது! ஆறுதான்."

"கடல் இல்லாம ஒரு டூரா?" என்றேன்.

அவள் அம்மா பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, இந்த மனுசன் அங்கயும் வந்து ஹாரன் அடிச்சு எல்லாரையும் வண்டியில ஏத்துவாரு, பாத்துக்கோ" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மகள் தன் திட்டத்தைச் சொன்னாள். சனிக்கிழமை, சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள் நிற்கும் பெரிய பள்ளிவாசல். பிறகு அது மாதா கோயிலானதாம். ஞாயிற்றுக்கிழமை பூச்செடி முற்றங்களும், ஆற்றின் மேல் இருக்கும் பழைய கல்பாலமும். திங்கட்கிழமை நிதானமாகக் கோட்டை.

திங்கட்கிழமை என்றதும் எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. வேன் ஓட்டத் தொடங்கிய புதிதில் ஒரு குடும்பத்தைப் பத்மநாபபுரத்துக்குக் கூட்டிப்போனேன். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் போய்விட்டது. பம்பாயிலிருந்து வந்த அந்த அம்மா பூட்டிய கதவில் கையை வைத்து நின்றாள். என்னைத் திட்டக்கூட இல்லை. அன்றிலிருந்து யார் வண்டி கேட்டாலும் என் முதல் கேள்வி, "என்ன கிழமை?"

"மக்கா, திங்கள் கோட்டை திறக்குமா? ஒண்ணு பாரு."

"எல்லா நாளும் திறக்கும்பா."

"பாரு மக்கா."

பார்த்தாள். "அடைப்புப்பா. திங்கள் அடைப்பு." பிறகு தன் வீட்டிலிருந்த தோழியிடம் திரும்பி ஏதோ ஜெர்மன் பாஷையில் வேகமாகச் சொன்னாள்.

"என்ன சொன்ன?"

"எங்க அப்பா இருபத்திரண்டு வருசமா டூரிஸ்ட் கைடுன்னு சொன்னேன்."

"டிரைவர்னு சொல்லு" என்றேன். ஆனால் நெஞ்சு விரிந்து சட்டை கொஞ்சம் இறுகியதுபோல இருந்தது.

கோட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. கல்பாலம் திங்கட்கிழமைக்குப் போனது. பாலத்துக்கு ஏது பூட்டு? என் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஞாயிறு: கோட்டை, உள்ளே. அதற்குக் கீழே வேறொன்றும் எழுதவில்லை.

டிரிப் ஷீட்டின் அடியில் எப்போதும் நான் என் பெயரை எழுதும் இடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் என்று அச்சடித்திருக்கும். அதில் "என் மகள்" என்று எழுதினேன். பயணிகள் என்ற இடத்தில், இரண்டு.