மூன்று ஓட்டை

எனக்குப் பொறாமை அதிகம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பொருமித் தீர்த்துக்கொள்ளலாம். கட்டின மனைவி மேல் என்றால் எங்கே போய்ச் சொல்ல?

நாங்கள் இரண்டு பேரும் கைரம்பம் செய்கிறோம். கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறைக்கு இறங்குகிற வழியில், வீட்டை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைதான் பட்டறை. மரக்கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் பிடி போட்ட ரம்பம் இல்லை. தகட்டின் முதுகில் பித்தளைப் பட்டை, பட்டையில் கொடியும் இலையுமாகச் செதுக்கல், பேரி மரத்தில் இழைத்த கைப்பிடி. தகடு வெட்டுவதும் பல் வைப்பதும் பித்தளை அடிப்பதும் ஓட்டை போடுவதும் என் வேலை. கைப்பிடி அவள் வேலை.

முதலில் கைப்பிடியும் என் வேலையாகத்தான் இருந்தது. அவள் உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசுவாள், அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் எனக்கு நகச்சுற்று வந்து கட்டைவிரல் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் காய்ப்பு நின்றுபோன பேரி மரம் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து, "சும்மாதான இருக்கேன், நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டா?" என்றாள். செய்துதான் பாரேன் என்றேன். அந்த வாயை நானே ஓங்கி அறைந்திருக்க வேண்டும்.

அந்தக் கைப்பிடி போட்ட ரம்பத்தை மாட்டி வைத்த மறுநாளே ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். என் கைப்பிடி போட்ட நாலு ரம்பம் அதே ஆணிகளில் மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவளுடைய முறையே வேறு. வாங்க வருகிறவர் கையில் சப்பாத்தி மாவை உருட்டிக் கொடுப்பாள். "நல்லா இறுக்கிப் பிடிங்க, அறுக்குற மாதிரி" என்பாள். விரல் பதிந்த மாவை அப்படியே வெயிலில் காயவைத்து, அதைப் பார்த்து அட்டையில் வரைந்து, அட்டையை வெட்டி மரத்தின் மேல் வைத்து அறுப்பாள். மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் என்னுடைய எரிச்சல்.

வாங்குகிறவர்கள் யார்? ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், புதிதாக வீடு கட்டினவர்கள், பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள். கையில் எடுத்ததுமே "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு" என்பார்கள். எதை? கைப்பிடியை. போட்டோ எடுப்பார்கள். எதை? கைப்பிடியை. நான் இரண்டு நாள் குனிந்த முதுகு நிமிராமல், ஒவ்வொரு பல்லாக முக்கோண அரம் போட்டு ராவி, ஒன்றை இடம் ஒன்றை வலமாகச் சாய்த்து வைத்திருப்பேன். அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் மழுக்கித் தர முடியுமா? சுவத்துல மாட்டப் போறோம், பிள்ளைங்க கையில பட்டுரும்" என்றார்.

என் பல்லை மழுக்கணுமாம்! எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முந்திக்கொண்டு, "ஒறை போட்டுத் தாரோம்மா" என்று சிரித்தபடி அனுப்பி வைத்தாள். அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவளும் கேட்கவில்லை, அது இன்னும் எரிச்சல்.

கைப்பிடியைத் தகட்டோடு பிடித்து வைக்க மூன்று பித்தளைத் திருகு போடுவோம். நடுத் திருகின் தலை மட்டும் பெரிதாக, வட்ட வில்லையாக இருக்கும். அதில்தான் செய்தவர் முத்திரை. என் முத்திரை இரண்டு மலை முகடு. பட்டறை தொடங்கின நாளிலிருந்து அதுதான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, கைப்பிடி நான்தான செய்யுறேன். அந்த வில்லையில என் முத்திரையப் போட்டுக்கிறட்டா? ஒரு பேரிக்காய் வரஞ்சு வச்சிருக்கேன்."

வேண்டாம் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நியாயம் பேசுகிறவன் மாதிரி ஒன்று சொன்னேன்.

"சுவத்துல மாட்டுறவங்க சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? அறுத்துப் பொழைக்கிறவன் ஒருத்தன் பிடிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும். அன்னைக்கு ஒன் முத்திரையப் போட்டுக்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அப்படி ஒருத்தன் வரவே மாட்டான் என்கிற தைரியத்தில் சொன்னேன். கதவு நிலை செய்கிறவர்கள் எல்லாம் மெஷினுக்குப் போய் எத்தனை வருஷம் ஆகிறது!

வந்தார். வத்தலக்குண்டில் மர வேலை செய்கிற ஒரு அண்ணன், மேலே ஒரு ஹோம்ஸ்டேயில் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவருக்கு மரம் பொருத்த வந்திருக்கிறார். அங்கே சுவரில் எங்கள் ரம்பம் ஒன்று மாட்டியிருந்ததாம். விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இது அறுக்குமா, இல்ல ஆணியில தொங்குறதோட சரியா?" என்று கேட்டார்.

"அறுக்கும்ணே" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"மூலை மூலையா இழைப்புப் பொருத்துற சோலிக்கு மெஷின் சரிப்படாது. கைக்கு அடக்கமா ஒண்ணு வேணும். எனக்குன்னு செஞ்சு குடுங்க."

அவள் ஓடிப்போய் மாவைப் பிசைந்து எடுத்து வந்தாள். அவர் அதைப் பிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

அந்தக் கைப்பிடிக்கு அவள் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். மூன்று அட்டை வெட்டி இரண்டைத் தூக்கிப் போட்டாள். செதுக்கல் வேண்டாம், உள்ளங்கையை உறுத்தும் என்று, விரல் படாத ஓரத்தில் மட்டும் ஒற்றை இலை வைத்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. என் வாழ்நாளிலேயே நல்ல பல் அந்தத் தகட்டில்தான் வைத்தேன். அவர் பல்லைப் பற்றித்தான் பேச வேண்டும், கைப்பிடியைப் பற்றி அல்ல என்று வைராக்கியம்.

பிறகு, கிறுக்குப் பிடித்ததுபோல் ஒரு காரியம் செய்தேன்.

கைப்பிடி தகட்டோடு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில்தான் ரம்பத்தின் உயிர் இருக்கிறது. சரியாக நின்றால் தள்ளுகிற தள்ளு நேராகப் பல்லுக்குப் போகும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மணிக்கட்டு மடங்கும். கால் மணி நேரம் அறுத்தாலே கை கடுக்கும். பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பிடிக்கிறவர் கைப்பிடியைத்தான் திட்டுவார்.

தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கு அவள் மேல்மலைக்குப் போன அன்று காலையில், அவள் தகட்டில் ஊசியால் குறித்து வைத்திருந்த மூன்று புள்ளியையும் தேய்த்து அழித்தேன். மேல் ஓட்டையைக் குறித்த இடத்திலேயே போட்டேன். நடு ஓட்டையை அரை நூல், அதாவது ஒரு அரிசி அகலம், தள்ளிப் போட்டேன். கீழ் ஓட்டையை ஒரு நூல் தள்ளிப் போட்டேன். திருகை முடுக்கி, என் வில்லையை வைத்து, துடைத்து வைத்தேன். சாயங்காலம் வந்தவள் அதை எடுத்து ஒருமுறை காற்றில் அறுப்பதுபோல் அசைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லி, அவளே துணியில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் வெள்ளனே, முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு அண்ணன் வந்து இறங்கினார். தோளில் துண்டு, துண்டில் ரம்பம். அவள் டீ போட உள்ளே போனாள். அவர் ரம்பத்தை மேசை மேல் வைத்தார்.

"பல்லு நல்லாருக்கு" என்றார்.

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை! இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கைப்பிடி இருக்கு பாருங்க, இத்தனை வருசத்துல இப்படி ஒண்ணை நான் பிடிச்சதே இல்லண்ணே. எங்கையில மொளச்ச மாதிரி இருக்கு. சுண்டுவிரல் எனக்குக் கொஞ்சம் கோணல், அதுக்குக்கூட எடம் விட்டிருக்கு. இப்படிச் செய்யத் தெரிஞ்ச கை இந்தச் சாய்வுல கொண்டுபோய் மாட்டாது. அறுக்க அறுக்க மணிக்கட்டு விண்ணு விண்ணுங்குது. ஓட்டை யாரு போட்டது?"

அவர் கைப்பிடியைத் திட்டுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். இந்த மனுஷன் கைப்பிடியைப் பிரித்து எடுத்துத் தனியாக மெச்சிவிட்டு, நேராக என் ஓட்டையில் வந்து விரலை வைக்கிறார். அவள் டீ கிளாஸ்களோடு வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்.

"அவதான் போட்டா."

கிளாஸ்களை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஆமாண்ணே" என்றாள். "நான்தான். சரியாக் கவனிக்காம போட்டுட்டேன். நாலு நாள் குடுங்க, வேற கைப்பிடி செஞ்சு நானே கீழ கொண்டாந்து தாரேன்."

அவர் ரம்பத்தைத் திருப்பி வில்லையைப் பார்த்தார். "அப்ப இது யாரு முத்திரை?"

"என்னுது" என்றேன்.

"அதெப்படி? கைப்பிடியும் தங்கச்சி செஞ்சது, ஓட்டையும் தங்கச்சி போட்டது, முத்திரை மட்டும் ஒங்களுதா? முத்திரை எதுக்குங்க போடுறது? நாளைக்கு ஒரு கோளாறுன்னா யாரைப் பிடிச்சுக் கேக்கணும்னு தெரியத்தான? இந்தா பாரு தங்கச்சி, புதுசுல ஒன் முத்திரையப் போடு. நல்லாருந்தாலும் ஒன்னையத்தான் சொல்லுவேன், நல்லால்லன்னாலும் ஒன்னையத்தான் வைவேன்."

டீயைக் குடித்துவிட்டு, எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வெரசாகப் போய்விட்டார்.

அவள் திருகைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்தாள். அலமாரியிலிருந்து, மூன்று புள்ளி குத்தியிருந்த அவளுடைய அட்டையை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தலாம், ஒருவழியாகத் தீரும்.

"தகட்டுல மூணு ஓட்டையும் ஒரே கோட்டுல இருக்குங்க" என்றாள். "ஒண்ணுக்கொண்ணு தூரமும் அச்சா அப்படியே இருக்கு. கை தவறிப் போட்டா ஒண்ணுதான் தவறும். மூணும் சொல்லி வச்ச மாதிரி சாயாது."

நான் அரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் கையில எடுத்தப்பவே தெரிஞ்சிருச்சு" என்றாள்.

"தெரிஞ்சு எதுக்கு அனுப்புன?"

"நான் சொன்னா ஒத்துக்கிருவீங்களா? அறுக்குறவரு சொல்லட்டும்னுதான நீங்களும் சொன்னீங்க. அவரு கேட்டா நீங்க உள்ளதச் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அடுத்தவர் முன்னால் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே, அந்த மனசு மேலும் பொறாமை. அது எனக்கு ஏன் இல்லை என்று ஒரு பொருமல்.

நாலு நாளில் புதுக் கைப்பிடி முடிந்தது. தகட்டு ஓட்டைகளை மாற்ற முடியாது என்பதால், சாய்ந்த ஓட்டைகளுக்குத் தக்கபடி கைப்பிடியின் வளைவையே திருப்பி வரைந்திருந்தாள். மரத்தில் ஓட்டை போட வேண்டிய நேரம் வந்தது. வழக்கம்போல் எழுந்து டிரில்லிங் மெஷின் பக்கம் போனேன். அவள் முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் போட்டேன்னு சொல்லிட்டீங்கள்ல" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இனிமே நானே போட்டுக்கிறேன்."

மூன்று ஓட்டையும் போட்டாள். பேரிக்காய் முத்திரை வைத்த வில்லையைத் தானே முடுக்கினாள். துணியில் சுற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குத் தனியாக பஸ் ஏறினாள். திரும்பி வந்து, அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுமாதம் அவர் சொல்லி அனுப்பி, தாண்டிக்குடியிலிருந்து இரண்டு பேர் மாவு பிடிக்க வந்தார்கள்.

இப்போது என் வேலை தகடு, பல், பித்தளை முதுகு. முடித்து அவள் மேசையில் வைத்துவிடுவேன். மற்றதெல்லாம் அவள். வெளியூர்க்காரர்கள் வந்து, பட்டறை வாசலில் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருக்கிற என்னிடம், "ரம்பம் செய்யுறவங்க இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொய் சொல்லிப் பட்டது போதும் என்று, "உள்ள இருக்கா, போய்ப் பாருங்க" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் நெஞ்சு காந்துகிறது.