பூட்டிக் கிடந்த பாகாலா வீடு

செத்துப் பிழைத்தவள் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் சித்தூர் பக்கம் குடிபாலா. கணவர் திருப்பதியில் ஏசி மெக்கானிக். போன புரட்டாசியில் என் மூன்றாம் மாதக் கரு கலைந்துவிட்டது. மிச்சம் உள்ளே தங்கியிருக்கிறது என்று சித்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து, மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுது ஓய்ந்து, இனி பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று படுத்தேன்.

மறுநாள் காலையில் வலது தோளில் ஒரு வலி பிடித்தது. வயிறும் கல்லாக இருந்தது. ஆனால் தோள்தான் பிய்ந்துவிடும் போல் வலித்தது. மூச்சை இழுத்தால் குத்தியது. படுத்தால் இன்னும் மோசம்.

"வாய்வு கண்ணு. வயித்துல இருந்து ஏறி தோள்ல புடிச்சிக்கினு கீது" என்று மாமியார் பூண்டு சுட்டுக் கொடுத்தார். தோள் பிடித்தால் எங்கள் வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பாகாலாவில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, முட்டியால் முதுகை அழுத்துவார். படக்கென்று ஒரு சத்தம் வரும், வலி போய்விடும்.

"இன்னாத்துக்கு அழுதுகினு கீற? அவரு ஒரு அமுக்கு அமுக்கினா சரியாப்பூடும்" என்று கணவர் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி வந்தார். வழி முழுக்க நான் வேண்டியது ஒன்றுதான்: "பெருமாளே, அந்த மனுஷன் வீட்ல இருக்கணும்."

வீடு பூட்டிக் கிடந்தது.

"ஆயன கொண்டக்கு போயினாரு" என்று எதிர் வீட்டு அம்மா தெலுங்கில் சொன்னார். மலைக்குப் போய்விட்டாராம். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு நடந்தே ஏறுகிற வேண்டுதலாம்.

எனக்கு வந்த ஆத்திரம்! "உன்னத்தானே கூப்ட்டுகினு வந்தேன். நீ அவர மேல கூப்ட்டுக்கினியா?" என்று பெருமாளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. கார்க் கதவைப் பிடித்தபடி சரிந்தேன்.

வெளுத்துப்போன என் முகத்தைப் பார்த்துக் கணவர் பயந்துவிட்டார். ஊருக்குத் திரும்பாமல் நேராகத் திருப்பதிக்கு வண்டியை விட்டார். அங்கே அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். முதல் நாள் சுத்தம் செய்ததைச் சொன்னதும், தோளை விட்டுவிட்டு வயிற்றில் ஸ்கேன் வைத்தார்.

"சுத்தம் பண்ணும்போது கர்ப்பப்பையில ஓட்டை விழுந்திருக்கும்மா. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சி நிக்குது. அது மேல ஏறி உறுத்துறதுதான் இந்தத் தோள் வலி."

தலையில் இடி விழுந்தது. தோள் வலிக்குக் கர்ப்பப்பையில் ஓட்டையா? ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிக் கணவரிடம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. திட்டுவதற்கும் தெம்பில்லாமல் "கோவிந்தா" என்றேன்.

கண் விழித்தபோது உயிர் இருந்தது. ஓட்டையைத் தைத்துவிட்டார்கள், கர்ப்பப்பையும் இருந்தது. எப்போதாவது இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். ஆகட்டும், சித்தூர் ஆஸ்பத்திரியில் தோள் வலித்தால், மயக்கம் வந்தால் ஓடி வா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணவர் தயங்கித் தயங்கிப் பாகாலா கதையைச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குப்புறப் போட்டு அமுக்கியிருந்தா? சரியாப்போச்சுன்னு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா?" "உள்ள ரத்தம் கசிஞ்சிக்கிட்டே இருந்து உயிரே போயிருக்கும்" என்றார்.

நான் வேண்டியபடி அந்த மனிதர் வீட்டில் இருந்திருந்தால் இன்று நான் இல்லை. அவரை மலைக்கு வரவழைத்தது யார்?

அன்றிலிருந்து விளக்கேற்றும்போது இதைக் கொடு, அதைக் கொடு என்று நான் கட்டளை போடுவதில்லை. கேட்பதோடு சரி. நீங்களும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் என்னைப்போல் திட்டுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம்பிக்கையை மட்டும் விடாதீர்கள். இன்னொன்று, சுத்தம் செய்துகொண்டு வந்த பெண்ணுக்குத் தோள் வலித்தால் வீட்டில் பூண்டு சுட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சுளுக்கு எடுப்பவர் மலையிலிருந்து வந்ததும் நாங்கள் வந்துபோனதைக் கேள்விப்பட்டு, மொட்டைத் தலையோடு லட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீடு தேடி வந்தார். "நீங்க வந்த நேரம் பாத்து நான் இல்லாத பூட்டேன். மன்னிச்சிக்கம்மா" என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.