போயிட்டு வரோம் ஆன்டி

எங்கள் வகுப்பில் அப்பாக்களின் வேலையை வைத்து ஒரு மரியாதை இருந்தது. லோரி ஓட்டுகிறவரின் மகனுக்கும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் மகளுக்கும் எப்போதும் முதலிடம். பேங்கில் வேலை பார்ப்பவரின் மகனை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பேங்கில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது?

என் அப்பா வேன் ஓட்டினார். பக்கவாட்டில் பெரிய கண்ணாடியும், மாலை தொங்கவிட வளையங்களும் வைத்த வேன். எங்கள் ஊரான கிள்ளானில் யார் இறந்தாலும், சில சமயம் பக்கத்து ஊரான பந்திங்கில் இறந்தாலும், வீட்டிலிருந்து மின்சுடலை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்தான். முன்னால் மேளம், பின்னால் இத்தனை கார்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் என் அப்பா. எனக்குப் பெருமை தாங்காது.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். அவருக்கு விடைபெறத் தெரியாது. எங்கிருந்து கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவார். "நம்ம வீட்டுலகூட போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டீங்களா? சொன்னா முத்து உதிர்ந்திடுமா?" என்று அம்மா கேட்காத நாளில்லை. இத்தனைக்கும், பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்துவதும் அவரேதான்.

ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பக்கத்து மேசைத் தோழியின் பிறந்தநாள் வந்தது. என்னை அழைத்துப்போக அப்பா வேனோடு வருவார், எல்லாரும் ஏறிப் பார்க்கலாம் என்று பள்ளி முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். அவரோ பக்கத்து வீட்டு அங்கிளின் சின்னக் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். குளித்துத் தலைவாரி, தீபாவளிச் சட்டை வேறு. அந்தக் காரையும் நான்கு வீடு தள்ளி நிறுத்திவிட்டு, பலூன் கட்டிய கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

மற்ற அப்பாக்கள் உள்ளே உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. போன வருடம் அந்த வீட்டுத் தாத்தாவைக் கொண்டுபோனதே அவர்தான். தெரிந்த மனிதரை உள்ளே கூப்பிட்டு ஒரு துண்டு கேக் கொடுத்தால் என்ன? தோழியின் அம்மா அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, வா என்று எனக்குக் கைகாட்டினார். நான் வெளியே வந்ததும் வழக்கம்போலப் பேசாமல் திரும்பி நடந்தார்.

என் மானமே போயிற்று. அவருக்கும் சேர்த்து நானே திரும்பி நின்று கத்தினேன்.

"போயிட்டு வரோம் ஆன்டி! எங்கப்பாவுக்கு உங்க வீட்டுக்கு வழி நல்லாத் தெரியும், கூப்பிட்டா உடனே வந்துடுவாரு!"

ஒரு அங்கிள் வாயில் வைத்த மீயை மெல்லாமல் என்னைப் பார்த்தார். அப்பாவின் கை என் கையை நோகப் பிடித்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. சின்னப் புள்ள, தெரியாம சொல்லிடுச்சு."

ஆன்டி உள்ளே போய்விட்டார். நாங்கள் காரை எட்டுவதற்குள் பின்னாலேயே ஓடி வந்தார். கையில் கேக்கும் மீயும் கட்டிய பிளாஸ்டிக் பை.

"அண்ணே, தீபாவளிக்கு வாங்க. புள்ளயோட அம்மாவையும் கூட்டிட்டு, சாப்பிட வாங்க. கண்டிப்பா வரணும் லா."

அப்பா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "வரேன்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பக் கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கவனம் அப்பாவுக்கு எல்லா வாசலிலும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நுழையும்போதே, "தீபாவளிக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்று அம்மாவிடம் சொன்னார். கார் சாவியைக் கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டு அங்கிளிடமும் சொன்னார். திரும்பி வந்து அம்மாவிடம் மறுபடியும் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீபாவளிக்கு எல்லாரும்தான் எல்லார் வீட்டுக்கும் போகிறார்கள், இதற்குப் போய் ஏன் அழ வேண்டும் என்று நான் கேக்கைத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.